பழைய கம்ப்யூட்டருக்கு மாற்று மெமரி சிப்: வேகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி இதுதான்: 1980களின் ஹோம் கம்ப்யூட்டர் ஒன்று. ஆன் செய்தால் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள். மெமரி போயிருக்கும் என்று சந்தேகம். போர்டில் இருக்கும் சிப்புகள் 200 நானோசெகண்ட் வகை (தரவைத் தர ஆகும் நேரம்; அது குறைந்தால் வேகம் கூடுதல்). விற்பனைக்குக் கிடைப்பவை 120, 150 என்று இருக்கின்றன, கம்பெனியும் வேறு. வாங்கிப் போடலாமா? கொள்ளளவு பெரிய சிப்பைப் போட்டால் வேலை செய்யுமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி வேறாக இருப்பது பிரச்சினையே இல்லை. 200 இருந்த இடத்தில் 150 அல்லது 120 போடுவது அநேகமாக எல்லா இயந்திரங்களிலும் சரிப்படும். பெரிய சிப் சில இடங்களில் சரிப்படும், சில இடங்களில் படாது. ஆனால் இவற்றை விட முக்கியமான மூன்று விஷயங்களைக் கேள்வி தொடவே இல்லை: அந்த சிப்புக்கு எத்தனை வகை வோல்டேஜ் வேண்டும், எந்தக் காலில் (பின்னில்) என்ன இருக்கிறது, அதை எப்படி ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும், அதாவது உள்ளே இருப்பது அழியாமல் அவ்வப்போது எப்படிப் புதுப்பிக்க வேண்டும். வேகம் இவற்றுக்கு அப்புறம்தான். சிப்பின் முதுகில் கண்ணுக்குத் தெரிவது வேக எண் என்பதால் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். மாற்று சிப் போட்டும் இயந்திரம் எழவில்லை என்று வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் மற்ற மூன்றில் ஒன்றில்தான் இடறியிருப்பார்கள்.

சிப் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மல்டிமீட்டரை எடுத்து, போர்டுக்கு வரும் வோல்டேஜை அளந்து பாருங்கள். மெமரி சிப் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, ஏதாவது ஒன்று அதைக் கொல்கிறது. கமடோர் 64க்கு வந்த பழைய கருப்பு அடாப்டர்களில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் லைன் மேலே ஏறிவிடும். முதல் அடி மெமரிக்குத்தான். ஜெட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமில் 12 வோல்ட்டையும் மைனஸ் 5 வோல்ட்டையும் போர்டிலேயே ஒரு டிரான்சிஸ்டரும் சிறிய காயிலும் சேர்ந்து உருவாக்குகின்றன. அந்த டிரான்சிஸ்டர் போனால் மெமரியும் கூடவே போகலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் புது சிப்பைச் சொருகினால் அதுவும் அதே வழியில்தான் போகும். பழைய சிப்புகளின் இருப்பு குறைந்துகொண்டே வருகிறது, எங்கும் புதிதாகத் தயாரிப்பதும் இல்லை. ஒன்றை வீணாக்கினால் உலகத்தில் ஒன்று குறைந்தது என்றுதான் அர்த்தம்.

எந்த சிப் கெட்டது என்று கண்டுபிடிப்பதில் இரண்டு எளிய வழிகள் உண்டு. ஆன் செய்து ஓரிரு நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒன்று மட்டும் சுட்டால் அது உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. கவனமாகத் தொடுங்கள், சில சமயம் விரல் கொப்புளிக்கும் அளவுக்குச் சூடாகியிருக்கும். இரண்டாவது வழி, நல்ல சிப் ஒன்றைச் சந்தேகப்படும் சிப்பின் மேலேயே கால்கள் தொடும்படி அமர்த்தி ஆன் செய்வது. கீழே இருப்பது வெளியீடே தராமல் செத்திருந்தால் மேலே இருப்பது அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் கீழே இருப்பது தவறான பதிலையே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் வகையில் கெட்டிருந்தால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அதனால் மேலே அமர்த்தியும் இயந்திரம் எழவில்லை என்பதை வைத்துக் கீழே இருக்கும் சிப் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இனி சிப்பின் பெயர். ஒரே சிப்பை ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த எண்ணில் விற்றது. 16 கிலோபிட் கொண்ட டைனமிக் ரேம் (ரெஃப்ரெஷ் தேவைப்படும் மெமரி) சிப்பை 1976இல் மாஸ்டெக் 4116 என்ற பெயரில் கொண்டுவந்தது, அந்த எண்ணே இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் அதே சிப் இன்டெல்லில் 2117, ஃபியூஜிட்சுவில் 8116, ஹிட்டாச்சியில் 4716, என்.இ.சி.யில் 416, நேஷனல் செமிகண்டக்டரில் 5290. அடுத்த தலைமுறையான 64 கிலோபிட் சிப்பைப் பொதுவாக 4164 என்கிறோம். அது இன்டெல்லில் 2164, ஃபியூஜிட்சுவில் 8264, ஹிட்டாச்சியில் 4864, மோட்டோரோலாவில் 6665, மாஸ்டெக்கில் 4564, ஓக்கியில் 3764, மைக்ரானில் 4264. சோவியத் தயாரிப்பில் 565ஆர்யு5. ஒரே போர்டில் எட்டு சிப்பும் எட்டு கம்பெனியாக இருந்தாலும் இயந்திரம் நிம்மதியாக ஓடும். இவை ஒவ்வொன்றும் ஒரு பைட்டின் ஒரே ஒரு பிட்டை மட்டும் சுமப்பவை, பக்கத்து சிப் யாருடையது என்பது அதற்குத் தேவையில்லை.

எண்களைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் கண் ஏமாறும். ஒன்று, தயாரிப்புத் தேதி. 8416 என்று தனியாக அச்சிட்டிருந்தால் அது சிப்பின் பெயர் அல்ல, 1984ஆம் ஆண்டின் 16ஆவது வாரம். இன்னொன்று, ஒரே இலக்கம் மாறினால் சிப்பே மாறிவிடும். இன்டெல் 2117க்கு மூன்று வோல்டேஜ் வேண்டும், 2118க்கு 5 வோல்ட் மட்டும் போதும். ஃபியூஜிட்சுவின் 8116, 8118 கதையும் அதேதான். இரண்டும் 16 கிலோபிட், இரண்டுக்கும் 16 கால், வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி. மாற்றிச் சொருகினால் 5 வோல்ட் சிப்பின் தலையில் 12 வோல்ட் இறங்கும்.

இதுதான் நான் முதலாவதாகச் சொன்ன வோல்டேஜ் விஷயம். 4116 குடும்பத்துக்கு 12 வோல்ட், 5 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் மூன்றும் வேண்டும். 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5, 16ஆம் காலில் கிரவுண்ட். இதில் மைனஸ் 5தான் உயிர்நாடி. அது வராத நிலையில் 12 வோல்ட் மட்டும் வந்தால் சிப்புக்குள் பெரும் மின்னோட்டம் பாய்ந்து சில நொடிகளில் சாம்பலாகிவிடும். அதனால் ஆன் செய்யும்போது மைனஸ் 5 முதலில் வர வேண்டும், ஆஃப் செய்யும்போது கடைசியாகப் போக வேண்டும் என்பது விதி. ஆப்பிள் 2, டி.ஆர்.எஸ்.-80 மாடல் 1, டி.ஐ.-99/4ஏ, ஸ்பெக்ட்ரமின் முதல் 16 கே பகுதி எல்லாம் இந்தக் குடும்பம். இந்த இயந்திரங்களில் சாக்கெட் காலியாக இருக்கும்போதே மூன்று வோல்டேஜையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சிப்பைச் சொருக வேண்டும். மேலே சொன்ன ‘ஒன்றின் மேல் ஒன்று’ சோதனையையும் மைனஸ் 5 இருக்கிறது என்று உறுதியான பிறகே செய்யுங்கள்.

4164 வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது. அதற்கு 5 வோல்ட் மட்டும் போதும், அது 8ஆம் காலில் வருகிறது, கிரவுண்ட் 16ஆம் காலில். சாதாரண 74 வரிசை லாஜிக் சிப்பில் இது நேர் எதிர்: 8இல் கிரவுண்ட், 16இல் 5 வோல்ட். பழக்கத்தில் லாஜிக் சிப் என்று நினைத்துக்கொண்டு வயர் இழுப்பவர்கள் இங்கே சிப்பை எரித்துவிடுவார்கள். 18 கால் சிப்புகளிலும் இதே கண்ணி உண்டு. 2114 என்ற ஸ்டேட்டிக் ரேமில் (ரெஃப்ரெஷ் தேவைப்படாத மெமரி) 9 கிரவுண்ட், 18 ஐந்து வோல்ட். 4464 என்ற டைனமிக் ரேமில் 9 ஐந்து வோல்ட், 18 கிரவுண்ட்.

சரி, நல்ல 4116 கிடைக்கவில்லை, கிடைப்பவையும் நம்பிக்கை தரவில்லை என்றால்? 4164ஐயே அந்த இடத்தில் உட்கார வைக்கலாம், பலரும் செய்வதுதான். 8ஆம் காலுக்கு வரும் 12 வோல்ட்டைத் துண்டித்து, அங்கே 5 வோல்ட் கொடுக்க வேண்டும். 1ஆம் காலுக்கு வரும் மைனஸ் 5ஐத் துண்டிக்க வேண்டும். 9ஆம் காலில் ஏற்கெனவே 5 வோல்ட் இருக்கிறது, 4164இல் அந்தக் கால் எட்டாவது முகவரி லைன் (மெமரியில் எந்த இடம் என்று சொல்லும் இணைப்புகளில் ஒன்று). அது எப்போதும் 1 என்று நின்றுவிடுவதால் சிப்பின் கால் பங்கு மட்டும் பயன்படும், மீதி சும்மா இருக்கும். 16 கிலோபிட் சிப்பின் இடத்தில் 64 கிலோபிட்டின் கால் பங்கு என்றால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. போர்டை வெட்ட மனமில்லாதவர்கள் இடையில் ஒரு சாக்கெட் வைத்து, அதன் 1ஆம் காலை வெட்டிவிட்டு, 8ஆம் காலை மடக்கி 9ஆம் காலோடு வயரால் சேர்க்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். நாளைக்கு அசல் 4116 கிடைத்தால் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம், போர்டில் ஒரு கீறலும் இருக்காது. ஒரு வரிசை சிப்புகளில் இதைச் செய்தால் அந்த வரிசையின் எல்லா சிப்பையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. 12 வோல்ட் லைனை மட்டும் முழுதாக ஒழித்துவிட வேண்டாம், ஸ்பெக்ட்ரமில் கலர் வீடியோ சிப்புக்கும் அதே 12 வோல்ட்தான் போகிறது.

இப்போது ரெஃப்ரெஷ். இந்தக் கேள்வியில் மிக முக்கியமானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டைனமிக் ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய கெபாசிட்டர் ஒன்றில் மின்னேற்றமாக இருக்கிறது. அது ஓட்டைக் குடம். அவ்வப்போது யாராவது வந்து நிரப்பிவிட்டுப் போக வேண்டும். ஒரு வரிசையை ஒருமுறை படித்தாலே அந்த வரிசை முழுவதும் நிரம்பிவிடும். அப்படி எல்லா வரிசைகளையும் குறிப்பிட்ட நேரத்துக்குள் சுற்றி வருவதே ரெஃப்ரெஷ். 4116இல் 128 வரிசை, 2 மில்லிசெகண்டுக்குள் சுற்றி முடிக்க வேண்டும். 4164இல்தான் கம்பெனிகள் இரண்டாகப் பிரிந்தன. ஹிட்டாச்சி 4864, மோட்டோரோலா 6665 போன்றவை பழைய வழக்கத்தையே காப்பாற்றி, 2 மில்லிசெகண்டில் 128 சுற்று போதும் என்று வைத்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 4164 போன்றவை 4 மில்லிசெகண்டில் 256 சுற்று கேட்டன. கால் அமைப்பு ஒன்று, வோல்டேஜ் ஒன்று, வேகம் ஒன்று. பெயரில் ஒரு துப்பும் கிடையாது. கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இது ஏன் பிரச்சினை என்றால், இஸட்-80 புராசசருக்குள் ரெஃப்ரெஷ் வேலைக்கென்றே ஆர் என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. ஒவ்வொரு கட்டளையைப் படிக்கும்போதும் அது ஒன்று கூடும், அந்த எண்ணை முகவரி லைனில் வைத்து ஒரு வரிசை ரெஃப்ரெஷ் ஆகும். ஆனால் அதில் தானாகக் கூடுவது கீழ் 7 பிட் மட்டுமே. 7 பிட் என்றால் 128 வரிசை. 256 சுற்று கேட்கும் சிப்பை இதன் கீழ் போட்டால் பாதி வரிசைகளை யாரும் வந்து நிரப்ப மாட்டார்கள். எட்டாவது பிட்டை போர்டில் தனி சர்க்யூட் வைத்துக் கொடுத்திருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் 128 வகையைத் தேடித்தான் ஆக வேண்டும்.

கமடோர் 64இல் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வீடியோ சிப்பே திரையின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஐந்து வரிசை வீதம் ரெஃப்ரெஷ் செய்கிறது, அதன் கவுண்டர் 8 பிட். 256 வரிசையையும் 4 மில்லிசெகண்டுக்குள் முடித்துவிடும். ஐ.பி.எம். பி.சி.யிலும் இல்லை. அங்கே டைமர் ஒன்று சுமார் 15 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை டி.எம்.ஏ. (புராசசர் இல்லாமலே மெமரியைத் தொடும் வழி) சேனலைத் தட்டி எழுப்பி அந்த வேலையைச் செய்விக்கிறது. மேலே சொன்ன 4116க்குப் பதில் 4164 என்ற மாற்றத்திலும் கவலையில்லை. எட்டாவது முகவரி லைன் எப்போதும் 1 என்று நிற்பதால் பயன்படும் வரிசைகளே 128தான், அதனால் 256 வகை சிப்பும் அங்கே ஒழுங்காக ஓடும்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. டேட்டாஷீட் 4 மில்லிசெகண்ட் என்று சொன்னாலும், அறை வெப்பத்தில் பல சிப்புகள் ரெஃப்ரெஷ் இல்லாமல் நொடிக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். அதனால் தவறான வகையைப் போட்டாலும் ஆன் செய்தவுடன் இயந்திரம் அழகாக எழும், சின்ன டெஸ்ட் புரோகிராமில் தேறிவிடும். பெட்டியை மூடி, உள்ளே சூடேறி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில் தொங்கும். இப்படிப்பட்ட பழுது வந்தால் பலரும் புராசசரைச் சந்தேகப்படுகிறார்கள், ரோமைச் சந்தேகப்படுகிறார்கள். மாற்றிய மெமரியின் ரெஃப்ரெஷ் வகையைப் பார்ப்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

வேகத்துக்கு வருவோம். சிப்பின் பெயருக்குப் பின்னால் கோடு போட்டு வரும் 15, 20 என்பவை பெரும்பாலும் 150, 200 நானோசெகண்ட். பிற்காலச் சிப்புகளில் 70, 80 என்று நேராகவே இருக்கும், அல்லது 7, 8 என்று சுருக்கியிருப்பார்கள். ஆனால் எல்லா கம்பெனியும் இப்படி எழுதவில்லை. இன்டெல் 2117இல் 2 என்றால் 150, 3 என்றால் 200, அதாவது எண் கூடக்கூட வேகம் குறைகிறது. என்.இ.சி. 416இல் எண் கூடினால் வேகம் கூடுகிறது. ஒற்றை இலக்கம் மட்டும் இருந்தால் டேட்டாஷீட்டைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

அந்த எண் என்ன சொல்கிறது? வரிசை முகவரியைக் கொடுத்த கணத்தில் இருந்து தரவு வெளியே வர அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை. இது ஒரு வாக்குறுதி: இதற்குள் கொடுத்துவிடுவேன் என்று. போர்டு 200 வரை காத்திருக்கத் தயார், சிப் 120இல் கொடுத்துவிட்டது என்றால் மீதி 80 நானோசெகண்ட் சும்மா கழியும், அவ்வளவுதான். இயந்திரம் வேகமாகாது, எதுவும் கெடாது. எதிர்த் திசையில்தான் போகக் கூடாது. 150 கேட்கும் இடத்தில் 250 போட்டால் சில நாள் ஓடலாம், ஓடாமலும் போகலாம்.

வேகமான சிப்பால் தொல்லை வருவதே இல்லையா என்றால், அபூர்வமாக வரும். சிப்புக்கு முகவரி வரிசை, நெடுவரிசை என்று இரண்டு பாகமாகப் போகிறது; நெடுவரிசை சிக்னல் விலகியவுடன் வேகமான சிப் தரவையும் சீக்கிரம் விலக்கிக்கொள்ளும். பழைய சிப்பின் சோம்பலை நம்பி, தரவைக் கொஞ்சம் தாமதமாக எடுத்துக்கொள்ளும் போர்டு என்றால் அங்கே தவறும். பக்கத்தில் உள்ள டீகப்ளிங் கெபாசிட்டர்கள் (சிப்புக்குப் போகும் வோல்டேஜ் ஆடாமல் தாங்குபவை) வயதாகித் தளர்ந்திருந்தால், வேகமான சிப் திடீரென்று இழுக்கும் மின்னோட்டத்துக்கு அவை ஈடுகொடுக்காமல் போகலாம். அதனால் என் பழக்கம் எளிது: போர்டில் இருப்பதற்குச் சமமாகவோ ஒரு படி வேகமாகவோ எடுப்பேன். 200 இருந்த இடத்தில் 150 கிடைத்தால் திருப்தி. 60 நானோசெகண்ட் சிப்பைத் தேடிப் போவதில் எந்த லாபமும் இல்லை.

பெரிய சிப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 4164 இடத்தில் 41256 பொருந்தும். இரண்டுக்கும் 16 கால், வோல்டேஜ் ஒரே இடத்தில். வித்தியாசம் 1ஆம் காலில் மட்டும்: 4164இல் பெரும்பாலும் அது வெறுமனே இருக்கும், 41256இல் அது ஒன்பதாவது முகவரி லைன். போர்டில் அந்தக் கால் எதிலும் இணையாமல் தொங்கினால், ஒவ்வொரு முறையும் 0 என்றும் 1 என்றும் சிப் அதை மாறி மாறி எடுத்துக்கொண்டு, எழுதிய இடம் ஒன்று, படிக்கும் இடம் ஒன்று என்றாகிவிடும். அதைக் கிரவுண்டில் கட்டிவிட்டால் போதும். ஆனால் 41256 எல்லாமே 256 சுற்று ரெஃப்ரெஷ் கேட்பவை, அதனால் 7 பிட் ரெஃப்ரெஷ் இயந்திரங்களில் இவை வேண்டாம். இந்த 1ஆம் கால் விவகாரம் மோட்டோரோலாவின் 6664இலும் உண்டு. 6665இன் உடன்பிறப்பான அதில் 1ஆம் கால் ரெஃப்ரெஷ் உள்ளீடு. போர்டு அந்தக் காலைக் கிரவுண்டில் கட்டியிருந்தால் அதைப் போடாதீர்கள்.

பாதி நல்ல சிப் என்று ஓர் இனமும் இருக்கிறது. 64 கிலோபிட் சிப்பில் ஒரு பாதி மட்டும் தேறினால், அதைத் தூக்கி எறியாமல் 32 கிலோபிட் என்று மலிவாக விற்றார்கள். டெக்சாஸின் 4532, ஓக்கியின் 3732 அப்படிப்பட்டவை. 48 கே ஸ்பெக்ட்ரமின் மேல் பகுதி மெமரி இவற்றால்தான் ஆனது, எந்தப் பாதி நல்லது என்பதற்கேற்ப போர்டில் வயர் இணைப்பு போடப்பட்டிருக்கும். அங்கே முழு 4164 போட்டால் இரண்டு பாதியும் நல்லது என்பதால் இணைப்பைத் தொட வேண்டியதில்லை. மறுபுறம், 4164 வேண்டிய இடத்துக்கு யாராவது 3732ஐக் கொடுத்தால் வாங்கக் கூடாது. ஓக்கி 3764, 3732 இரண்டும் ஒரே பையில் கலந்து கிடப்பது சாதாரணம்.

ஸ்டேட்டிக் ரேமைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அதற்கு ரெஃப்ரெஷ் கிடையாது. 2114 இடத்தில் எந்த கம்பெனியின் 2114ம் போகும், வேகம் சமமாகவோ கூடவோ இருந்தால் சரி. கமடோர் 64இன் கலர் மெமரி இதுதான். திரையில் எழுத்து சரியாக இருந்து நிறம் மட்டும் பொரிந்தால் அங்கே பாருங்கள். 6514 என்ற சீமாஸ் வகையின் கால் அமைப்பு பொருந்துவது போலத் தெரிந்தாலும், அது சிக்னல் வந்த கணத்தில் முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இனம். 2114 போல முகவரி மாற மாறப் பதில் சொல்லாது, ஆகவே எல்லா போர்டிலும் ஓடாது. ஆரம்பகால கமடோர் பெட் கம்ப்யூட்டரில் இருக்கும் 22 கால் 6550 ஒரு சோகமான விஷயம். அதற்கு நேரடி மாற்று இல்லை, நவீன ஸ்டேட்டிக் ரேம் வைத்த மாற்றுப் பலகைதான் நடைமுறை வழி. அதைத் தயங்காமல் போடலாம் என்பது என் கருத்து. அசல் தோற்றத்துக்காக இயந்திரத்தைப் பிணமாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிற்காலத்து 30 கால் சிம் பலகைகளில் (பல மெமரி சிப்புகளைச் சேர்த்த சிறு பலகைகள்) கவனிக்க வேண்டியது பாரிட்டி, அதாவது பிழையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பைட்டோடும் வரும் ஒன்பதாவது பிட். ஐ.பி.எம். வழி வந்த பி.சி.கள் பெரும்பாலும் 9 பிட் கேட்கும், மேக் போன்றவற்றுக்கு 8 போதும். 9 பிட் பலகையை 8 போதும் என்ற இடத்தில் போடலாம், தலைகீழாகப் போட்டால் பாரிட்டி எர்ரர். இங்கேயும் ரெஃப்ரெஷ் பூதம் எட்டிப் பார்க்கிறது. ஒரு மெகாபைட் பலகை ஒன்பது சிறிய சிப்பால் ஆனதா, மூன்று பெரிய சிப்பால் ஆனதா என்று பாருங்கள். ஒன்பது சிப் வகைக்கு 512 சுற்று, மூன்று சிப் வகையில் உள்ள பெரிய சிப்புகளுக்கு 1024 சுற்று. சில பழைய 286, 386 போர்டுகள் மூன்று சிப் வகையை ஏற்காததன் காரணம் இதுதான்.

வாங்கும் இடத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய சிப்பின் முதுகைச் சுரண்டி, கருப்புப் பூசி, புதுப் பெயர் அச்சடித்து விற்பது உண்டு. எழுத்து அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தாலும், ஒரே தொகுப்பில் எல்லாம் ஒரே தேதியும் அடிப்பக்க அச்சுக்குழி மட்டும் வேறு வேறாகவும் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் கருப்பு பெயர்ந்து வருவது போலி. பழைய போர்டில் இருந்து கழற்றியவை என்று நேர்மையாகச் சொல்லி, சோதித்து விற்பவர்களிடம் வாங்குவதையே நான் விரும்புவேன். நாற்பது வருடம் ஓடிய சிப் இன்னும் ஓடுகிறது என்பது பெட்டியில் தூங்கிய சிப்பை விடப் பெரிய சான்று. மைக்ரானின் 4264 மட்டும் கமடோர் 64 பழுது பார்ப்பவர்களிடையே சீக்கிரம் போகும் சிப் என்று பெயர் வாங்கியிருக்கிறது. போர்டில் அது இருந்தால் அவர்கள் முதலில் சோதிப்பது அதைத்தான். தேவைக்கு மேல் இரண்டு மூன்று சிப்பைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டில் சால்டர் செய்திருக்கும் சிப்பை முழுதாக எடுக்க முயலாதீர்கள். அது ஏற்கெனவே செத்தது, போர்டுதான் விலைமதிப்பற்றது. சிறிய கட்டரால் உடலோடு ஒட்டி எல்லாக் கால்களையும் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இழுத்தால் தாமிரத் தடம் பெயராமல் வரும். அந்த இடத்தில் சாக்கெட் வைத்துவிட்டால் அடுத்த முறை சால்டரிங் அயனை எடுக்க வேண்டிய வேலையே இல்லை. சொருகும்போது சிப்பின் ஒரு முனையில் உள்ள காடியின் (வெட்டுக் குழியின்) திசையைப் பக்கத்து சிப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், போர்டில் அச்சிட்ட குறியைப் பாருங்கள். சில போர்டுகளில் ஒரு வரிசை மட்டும் திரும்பி இருக்கும்.

எல்லாம் போட்ட பிறகு டெஸ்ட் புரோகிராமை ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மூடியைப் போட்டு, இயந்திரம் நன்றாகச் சூடான பிறகு, இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். நடுவில், மெமரியில் ஒரு பெரிய புரோகிராமை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு, அப்புறம் பட்டியலிட்டுப் பாருங்கள். தொடர்ந்து படித்து எழுதும் டெஸ்ட் புரோகிராம் அதன் வேலையாலேயே வரிசைகளை நிரப்பிக்கொண்டிருக்கும், ரெஃப்ரெஷ் கோளாறை அது மறைத்துவிடும். சும்மா கிடந்த மெமரியில்தான் அது வெளிப்படும். அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் டேட்டாஷீட்டில் அந்த 128, 256 கணக்கை மறுபடி பாருங்கள்.